ஏழு மொட்டை

— கையெழுத்துப் போட மாட்டேன் மேம்.

— முதல்ல முழுசாப் படி பெபி. படிக்காமலே மாட்டேன்னா எப்படி?

— ரெண்டு வாட்டி படிச்சிட்டேன். "என் கவனக்குறைவால் குழந்தையை மாற்றி ஒப்படைத்துவிட்டேன்"னு அடிச்சிக்கீறீங்க. இன்னா மேம் இது? நானா ஒப்படைச்சேன்?

— சத்தம் போடாத. உள்ள குழந்தைங்க தூங்குது. பாருங்கம்மா, உங்ககிட்டயும் சொல்றேன். வீட்ல பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வான்னு சொல்லியிருந்தேன். இவ அப்பா எலியேசர் வருவாருன்னு பார்த்தேன்.

— நைனா லோடு வண்டியில நெல்லூர் போயிருக்குது மேம். வர ரெண்டு நாளாவும்.

— சரி, யாரோ ஒரு பெரியவங்க. நீங்க பக்கத்து வீடா?

— தெரிஞ்சவங்கதாங்க. சொந்த ஊரு அம்மையார்குப்பம். இப்ப இங்க பைபாஸ் பக்கம் குடியிருக்கோம். நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கினு இருக்கேன்.

— உக்காருங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா, இது ஒன்னும் கொலைக் குத்தம் இல்ல. டிரெய்னிங் பொண்ணு. தெரியாம ஒரு தப்புப் பண்ணிட்டா. எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சு போச்சு.

— தப்பு நான் பண்ணல.

— பெரியவங்க பேசறப்ப குறுக்க வராத.

— ரெண்டு பேரும் இருங்க. நேத்து இன்னாதான் ஆச்சுங்க? ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. மொதல்லருந்து சொல்லுங்க.

— சொல்றேன். ஆடிக் கிருத்திகைக்கு மூணு நாள் லீவு விட்டிருந்தோம். நேத்து காப்பகத்தைத் திறந்தா, பதினெட்டுல ஏழு குழந்தைங்க மொட்டை. சந்தனம் பூசி ஒரே மஞ்சத் தலையா இருக்கு. அதுல நிதிலன்னு ஒருத்தன், சர்வேஷ்னு ஒருத்தன். ரெண்டு பேருக்கும் ரெண்டரை வயசு, ஒரே உயரம். மூணரை மணிக்கு நிதிலனோட தாய்மாமா வந்தாரு. ஹேமநாதன்னு பேரு. அரக்கோணம், ரயில்வேல இருக்காரு. நிதிலனைக் கூட்டிட்டுப் போகணும்னாரு. இவ சர்வேஷைத் தூக்கிக் கொடுத்துட்டா. அவரு மூணு நாப்பது வண்டியில ஏறிப் போயிட்டாரு. அங்க போய்ப் பார்த்தா வேற குழந்தை.

— புள்ள எப்பங்க திரும்பி வந்துச்சு?

— ஆறே காலுக்கெல்லாம் கொண்டுவந்து விட்டுட்டாரு. ஒரு கீறல் கிடையாது. பிஸ்கட் பாக்கெட் வேற வாங்கிக் கொடுத்திருக்காரு.

— அழுதானாங்க?

— குழந்தைன்னா அழும்தானம்மா.

— எவ்ளோ நேரம்?

— அதையெல்லாம் யாரு கடிகாரம் வச்சுப் பார்த்தா? நீங்க இவளைப் பத்திக் கேளுங்க. இவளுக்குத்தான வந்திருக்கீங்க?

— ஆங். இவளுக்குத்தான் வந்தேன். நீ சொல்லு பெபி.

— நான் சொல்றேங்கா. ஏழு மொட்டை வந்துச்சு. காலையிலருந்து ஏழு பேரையும் பேர் சொல்லித்தான் கூப்ட்டேன். ஒருத்தனையும் மாத்திக் கூப்டல. அந்த மாமா வந்தப்ப நிதிலன் பின்னாடி பாத்ரூம்ல இருந்தான், ஆயாம்மா கழுவி விட்டுகினு இருந்தாங்க. சர்வேஷ் என் தோள்ல தூங்கிகினு இருந்தான். அவரு உள்ள வந்தாரு, நேரா என் தோளப் பாத்து, "வாடா மாப்ள"ன்னு கை நீட்டுனாரு. "சார், இது சர்வேஷ். நிதிலன் ரெண்டு நிமிஷத்துல வருவான்"னு சொன்னேன்.

— அவரு இன்னா சொன்னாரு?

— "மொட்டை போட்டதே என் மடியில உக்கார வச்சி, எனக்கே நீ ஆள் காட்றியா"ன்னு கத்துனாரு.

— அதுல என்ன தப்பு? தாய்மாமன் மடியில வச்சுத்தான் மொட்டை போடுவாங்க.

— மடியில வச்சா பின்மண்டதான மேம் தெரியும்? மூஞ்சி எதிர்ல நிக்கிறவங்களுக்குத்தான தெரியும்? அது மட்டுமா? நிதிலனுக்கு மொட்டையோட காதும் குத்திக்கீறாங்க. அதுவும் இவரு மடியிலதான். "காதப் பாருங்க சார், நிதிலன் கம்மல் போட்டுக்கீறான், இந்தப் புள்ளைக்கு ஓட்டையே இல்ல"ன்னேன். பாத்தாரா? "புண்ணாயிருக்கும், கழட்டியிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு வாட்சப் பாக்கிறாரு. வீட்டுக்குப் போயி, காப்பி குடிச்சி, அவர் சம்சாரம் குளிப்பாட்டப் போறப்பதான் காது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது.

— இதெல்லாம் இவ இன்னிக்குச் சொல்ற கதைம்மா.

— நேத்தே சொன்னேன். உங்க மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். நீங்க இன்னா சொன்னீங்க? "அவங்க வழக்கம் உனக்குத் தெரியாது, தாய்மாமாகிட்ட எதிர்த்துப் பேசாத"ன்னு சொன்னீங்களா இல்லியா?

— பின்ன? தாய்மாமன் வாசல்ல நின்னு ரயிலுக்கு நேரமாச்சுங்கிறாரு. அவருகிட்ட ஆதார் கார்டா கேக்க முடியும்? நாளைக்கு அவங்க சொந்தக்காரங்க எட்டு பேரு குழந்தைங்களை நிறுத்திடுவாங்க.

— அப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களாங்க?

— இருந்தேன்னா... ஆபீஸ் ரூம்ல இருந்தேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

— எட்டிப் பாத்தீங்களா? நான் கூப்ட்டேன் மேம்! டிரெய்னிங்ல இருக்கிறவ தனியா நின்னு புள்ளைய யார் கையிலயும் குடுக்கக் கூடாது. மொத வாரமே கிளாஸ்ல சொல்லிட்டாங்க. அதான் "மேம், வாங்க"ன்னு கூப்ட்டேன். வந்தீங்க.

— கிளாஸ், கிளாஸ்! வாரத்துல ரெண்டு நாள் அரக்கோணம் போய் பெஞ்சுல உக்காந்துட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறா. நான் பதினோரு வருஷமா நடத்திட்டு இருக்கேன்மா இதை. புவனா மேம்கிட்ட விட்டா பயமில்லன்னு ஊரே சொல்லும்.

— சொல்லட்டும் மேம். நான் வேணான்னு சொல்லல. ஆனா அந்தக் கிளாஸ்ல ஒன்னு சொன்னாங்க. புள்ளைய அனுப்புறப்ப கூட்டிகினு போக வந்தவங்க மூஞ்சியப் பாக்காத, புள்ள மூஞ்சியப் பாரு. தாவுதா, ஒதுங்குதான்னு பாரு. தூங்குற புள்ளைய அப்படியே குடுக்காத, எழுப்பிக் குடுன்னு. "எழுப்புறேன் சார், அவனே சொல்லிடுவான்"னு கெஞ்சினேன். நீங்கதான் எழுப்பாதன்னீங்க.

— தூங்குற குழந்தையை எழுப்பினா அழும். வந்தவரு என்ன நெனைப்பாரு?

— ஒரு நிமிஷம் அழுதிருப்பான் மேம். இப்ப ரயில் பூரா அழுதுக்கீறான்.

— பெபி, ஒன்னு கேக்குறேன். ஏழு மொட்டையில அவன் சர்வேஷ்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? காது மட்டுந்தானா?

— இல்லீங்கா. காது நான் அவருக்குக் காட்டுன அடையாளம். எனக்கு அது வேணாம். அவன் தூங்குறப்ப முன்னால கெடக்கிற முடிய விரல்ல சுத்திகினுதான் தூங்குவான். பத்து மாசமாப் பாக்கிறேன். நேத்து படுக்கப் போட்டா, கை மேல போவுது, தடவுது, முடி இல்ல. திரும்பத் தடவுது. கண்ணத் தொறந்து என்னை ஒரு மாதிரி பாக்கிறான். தூங்கவே மாட்டேன்றான். அப்புறம் தூக்கித் தோள்ல போட்டேன். என் சடை கையில மாட்டுச்சு. அதச் சுத்திகினு தூங்கிட்டான். அதான் கீழ எறக்காமலே நின்னேன்.

— ...சடையவா?

— ஆங். கை உட மாட்டேன்னுட்டான்.

— எல்லாக் குழந்தையும் செய்யறதுதாம்மா. இதெல்லாம் ஒரு சாட்சியா?

— மேம், அவன் கையில என் சடை இருந்துச்சா இல்லியா? அத யாரு எடுத்தாங்க? வெரல் வெரலாப் பிரிச்சி எடுத்தீங்களே! என் தோள்லருந்து அவனத் தூக்கி, நீங்கதான மேம் அந்தாள் கையில குடுத்தீங்க? இப்ப "என் கவனக்குறைவால்"னு என்னை எழுதச் சொல்றீங்க!

— கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க.

— பெபி, அந்த பாட்டிலை எடுத்துக் கொடு. பாருங்கம்மா, நீங்க சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டு மனசு கலங்காதீங்க. நான் ஒளிக்காமச் சொல்றேன். கொடுத்தது யார் கைன்னு பார்த்துட்டு இருந்தா இந்த இடத்தை மூட வேண்டியதுதான். ஆறு பொம்பளைங்க இங்க வேலை செய்யறாங்க. என் பேர் வந்தா, நாளைக்கு ஒரு குழந்தை வராது. இவ பேர் வந்தா, டிரெய்னிங் பொண்ணு, கத்துக்கிறா, போகட்டும்னு விட்டுடுவாங்க.

— எனக்குப் போவட்டும்னு உடுவாங்களா? ரெண்டு மாசத்துல என் வருஷம் முடியுது மேம். ஒரகடத்துல ரெண்டு கம்பெனி காப்பகத்துல ஆள் கேட்டுக்கீறாங்க, எங்க சென்டர்ல பேர் குடுத்திருக்காங்க. புள்ளைய மாத்திக் குடுத்தவன்னு ஒரு லெட்டர் இருந்தா என்னை எவன் உள்ள உடுவான்? எங்க பெரிப்பா கேட்டாரு, பீத்துணி அலசறதுக்கு ஒரு வருஷம் படிப்பான்னு. சிரிச்சாங்க எல்லாரும். சிரிச்சிக்கோங்கன்னு போனேன். ராத்திரி படிக்கிறேன், பகல்ல பதினெட்டு புள்ளைங்களப் பாக்கிறேன். இதுக்கா?

— அதான் சொல்றேனே. லெட்டர் என் பீரோவுலதான் இருக்கும். உன் டிரெய்னிங் நோட்டுல நல்ல விதமா எழுதிக் கையெழுத்துப் போடறேன். போட மாட்டேன்னா, நானும் போட மாட்டேன். பத்து மாசமும் வீண். யோசிச்சுக்கோ.

— மெரட்டுறீங்களா?

— நிலைமையைச் சொல்றேன். நேத்து ராத்திரியே சர்வேஷோட அப்பாகிட்ட, கொடுத்தது டிரெய்னிங் பொண்ணுன்னு சொல்லிட்டேன். அவரு கத்திட்டுப் போயிட்டாரு. பையனோட அம்மாதான் விடாதாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை, விடியக்காலை பஸ்ஸு. இத்தனை நாள்ல ஒரு தடவை இந்த வாசல்ல நின்னதில்ல. இப்ப மட்டும் லீவு போட்டுட்டு நாளைக்கு வர்றாங்களாம், போலீஸுக்குப் போவாங்களாம்.

— வேலைக்குப் போறவங்க எப்படிங்க வந்து நிப்பாங்க?

— தப்பாச் சொல்லலம்மா. அவங்க வந்தா இந்த லெட்டரைக் காட்டி அமைதிப்படுத்திடுவேன். "கிறிஸ்டியன் பொண்ணுங்க, அவங்க வீட்ல மொட்டை போடற வழக்கம் இல்ல, பாவம் அவளுக்கு எல்லா மொட்டையும் ஒன்னாத் தெரிஞ்சிருக்கு"ன்னு சொன்னா நம்பிடுவாங்க.

— மேம்!

— என்ன?

— எங்க ஊட்ல மொட்டை போட மாட்டாங்கதான். அதுக்கு? ஏழு பேரையும் பேர் சொல்லிக் கூப்ட்டது நான். மொட்டை போட்டு, காது குத்தி, மடியில வச்சிகினவருக்குத்தான் ஆள் தெரியல. இதக் கொண்டாந்து எங்க சாமி மேல போடறீங்களே, உங்களுக்கு நாக்கு கூசல?

— கேட்டீங்களா, எப்படிப் பேசுறா! நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா.

— அந்தக் காகிதத்த இப்படிக் குடுங்க. எல்லாம் அடிச்சி வச்சிட்டீங்களா? நடந்ததுன்னு இதுல போட்டிருக்கிறதுதான் உங்க வாக்குமூலமா?

— ஆமா. தேதி, நேரம் எல்லாம் இருக்கு. கீழ என் கையெழுத்தும் போட்டுட்டேன். இவ போடணும், இந்தப் பக்கம் சாட்சி ஒருத்தர் போடணும்.

— சாட்சி நான் போடலாங்களா?

— தாராளமா. நீங்க போட்டா அவளும் போட்டுடுவா. இந்தாங்க பேனா.

— இன்னா எழுதணுங்க?

— பேரு, ஊரு. அதுக்குக் கீழ உறவுன்னு இருக்கு பாருங்க, அதையும் நிரப்பிடுங்க.

— அக்கா, வேணாங்கா...

— நீ சும்மா இரு பெபி. காலையில கண்டிகையில இருக்கிற இவ வூட்டுக்கு நான் சண்டை போடத்தாங்க போனேன். தலைமுடியப் புடிச்சி இழுத்துப் போட்டு ஒதைக்கணும்னுதான் போனேன். நல்ல வேள, கேட்டுட்டு ஒதைக்கலாம்னு கேட்டேன். ராத்திரி பூரா அவன் என் சடையயும் புடிச்சிகினுதான் கெடந்தான்.

— யாரு? எந்த... நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியலையே.

— எழுதிட்டேன். சத்தமாப் படிங்க, அவளும் கேக்கட்டும்.

— "காஞ்சனா. பைபாஸ் ரோடு, திருத்தணி. உறவு..." ...சர்வேஷோட அம்மா.