ஸ்பேர் சார் மீதான குற்றச்சாட்டு

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, மருத்துவர்களே, செவிலியர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த பொறியாளரின் துணைவியாரே, எங்கள் பிரிவுத் தோழர்களே! எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. பிழை வந்துவிடுமோ என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் முதன்மை நெட்வொர்க் பொறியாளர் மறைந்து ஒன்பது நாளாகிறது. அவரைப் பெயர் சொல்லி அழைத்தோமா? இல்லை! ‘ஸ்பேர் சார்’ என்றோம். எதற்கும் ஒரு மாற்று வைத்திருப்பார் என்பதால் வந்த கேலிப்பெயர். “சார், செருப்புக்கும் ஸ்பேர் இருக்கா?” என்று கேட்டால், “இடது கால் மட்டும்தான் இருக்கு, வேணுமா?” என்பார்.

தரைத்தளத்து அறையில் எட்டு சுவிட்சுகள், அதாவது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஆய்வகம், அறுவை அரங்கு, தொலைபேசி எல்லாம் அவற்றின் வழியேதான் இணைகின்றன. வளையமாகக் கேபிளால் பிணைத்தால் எட்டும் ஒரே கருவிபோல் இயங்கும். ஒன்று தலைமை தாங்கும். அது செத்தால் இன்னொன்று பொறுப்பேற்கும். ஆறு ஆண்டுகளில் பதினொரு பழுதுகள். உங்களில் யாராவது உணர்ந்தீர்களா? ஒருமுறை மின்வழங்கி புகைந்தது. மேலே அறுவை நடந்துகொண்டிருந்தது. கை கொப்பளிக்க அதை உருவி மாற்றினாரே, யாருக்குத் தெரியும்!

போன மாதம் ஐந்தாவது சுவிட்ச் செத்தது. மற்ற ஏழும் ஓடின. மாற்று சுவிட்சை மாட்டியதும் ஏழும் செயலிழந்து விழுந்தன. இரண்டு மணி நேரம் ஆய்வக முடிவுகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஆட்கள் படியேறி ஓடினார்கள். நோயாளி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொறியாளருக்குத்தான் ஆனது. ‘கவனக்குறைவு’ என்று குறிப்பாணை வந்தது. உணவகத்தில் அவர் காதுபடவே, “ஒண்ணு போனா ஒண்ணு தாங்கும்னாரு, எல்லாம் சேர்ந்து படுத்துருச்சே!” என்றார்கள். அந்த மேசையில் நானும் இருந்தேன். சிரித்தேன்.

மறைந்தவர் என்பதால் அவர் தவறை மன்னித்துக் கோப்பை முடிப்பதாகக் காலைச் சுற்றறிக்கையில் இருந்தது. இயக்குநர் இப்போது மேடையிலும் சொன்னார். கைதட்டினீர்கள்.

ஐயா, அவரை மன்னிக்க வேண்டாம். அன்று மாட்டியவன் நான்.

‘முதலில் கேபிள், பிறகு மின்சாரம்’ என்று அவரே எழுதி அந்த அறைக் கதவில் ஒட்டியிருந்தார். அணைந்த நிலையில் சேரும் சுவிட்ச், இருக்கும் தலைமைக்குப் பணியும். ஓடிக்கொண்டே சேர்வது தலைமைக்குப் போட்டியிடும். எனக்கு எதிலும் சந்தேகம். எரிகிறதா பார்ப்போம் என்று முதலில் மின்சாரம் கொடுத்தேன். எரிந்தது. அணைக்காமலே கேபிளைச் செருகினேன். வேறு கட்டடத்தில் தலைமை தாங்கிய சுவிட்ச் அது. தலைமைக்கான முன்னுரிமை எண் அதற்கே அதிகம். ஏழு சுவிட்சுகளையும் விழவைத்துத் தன் பழைய அமைப்பை அவற்றின்மேல் திணித்தது. எது முதலில் நடந்தது என்று காட்டும் பதிவுகளும் அழிந்தன. என் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி.

“ஐயா, கேபிளை முதல்ல போட்டீங்களா, பவரைப் போட்டீங்களா?” என்று ஸ்பேர் சார் கேட்டார். எங்களையும் ‘ஐயா’ என்றுதான் அழைப்பார்.

“கேபிள்தான் சார்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப நான்தான் எங்கயோ விட்டிருக்கேன்.”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன். இல்லாத தவறை இருபத்திரண்டு நாள் தேடினார். ஐந்தாவது சுவிட்சின் பின்னால் டார்ச்சோடு குனிந்திருந்தபோதுதான் அவர் இதயம் நின்றது.

நேற்று அவருடைய துணைவியார் என்னிடம், “சாப்பாட்டுத் தட்டுல விரலால வளையம் வளையமாப் போட்டுப் பார்ப்பாரு. உங்களுக்காவது தெரியுமா ஐயா, எங்க தப்பு பண்ணாரு?” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? “தெரியலையேம்மா” என்றேன். நேற்றுகூட!

அம்மா, அவர் எங்கும் தவறவில்லை.

இயக்குநர் அவர்களே, இது நான் கையெழுத்திட்ட வாக்குமூலம். கோப்பை மூடாதீர்கள். அதில் பெயரை மட்டும் மாற்றுங்கள்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிப்பது முறை. தோழர்களே, நீங்கள் தொடருங்கள்! சுவிட்ச் அறையின் சாவியை இந்த மேசைமேல் வைக்கிறேன். இனி அந்த அறைக்குள் நுழைய மாட்டேன். நான் கூறக்கூடிய உறுதி இது ஒன்றுதான்.