பெரிய பெட்டி இறங்குகிறது

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை, ஐயா. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. தப்பாக நினைக்காதீர்கள். முப்பத்து நாலு வருடம் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்றவனுக்கு வருகிறவர்களின் வசதிதான் முதலில் கண்ணில் படும். சரி, எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கும்படி எதுவும் செய்யவும் இல்லை.

எங்கள் ஹோட்டலுக்கு இந்த வருடம் நூறு வயது. அதைவிட உயரமான கட்டடங்கள் நகரத்தில் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் வழி கேட்பவர்களுக்கு இன்றைக்கும் எங்கள் வாசலைத்தான் அடையாளம் சொல்கிறார்கள். நூற்றாண்டு விழாவுக்காக ஹோட்டலின் சரித்திரத்தை எழுதும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்? ஊழியர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரே 'சரித்திரம்'. "சரித்திரம் வருது, சட்டைய உள்ள விடு" என்று என் காதுபடவே சொல்வார்கள். எந்த வருடம் எந்தப் படிக்கட்டுக் கல் விரிசல் விட்டது, போர்க்காலத்தில் எந்தத் தளபதி பூட்ஸோடு படுத்து எந்த அறை மெத்தையைப் பாழாக்கினான், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

புத்தகத்தின் முதல் வரியைச் சொல்கிறேன். 'இந்தக் கூரையின் கீழ் இதுவரை ஓர் உயிர்கூடப் பிரிந்ததில்லை.' வேறு எந்த ஹோட்டலாவது மார்தட்டி இப்படிச் சொல்லட்டும், பார்க்கலாம். அச்சுக்கு அனுப்பும் முன் அந்த வரியை முதலாளி இரண்டு தடவை படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

அது எப்படி நடக்கும் என்று சிரிக்கிறீர்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது, ஐயா. அறையில் யாருக்காவது இழுத்துக்கொண்டிருந்தால் வரவேற்பிலிருந்து லிஃப்ட்காரருக்கு போன் போட்டு, "பெரிய பெட்டி இறங்குது" என்போம். அவர் சரக்கு லிஃப்டைத் தயாராக நிறுத்துவார். ஆளைச் சலவை வண்டியில் படுக்கவைத்து, வெள்ளை விரிப்பைப் போர்த்தி, பின்வாசல் வழியாகச் சந்துக்குக் கொண்டுபோய்விடுவோம். அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸ், சொந்தக்காரர்கள், அழுகை எல்லாம். பெட்டி இறங்குவதற்கு முன்பே பதிவேட்டில் 'புறப்பாடு' கட்டத்தில் நேரத்தை எழுதிவிட வேண்டும். அவசரத்தில் மறந்துவிடக் கூடாது, பாருங்கள். இது நான் கண்டுபிடித்ததில்லை, எனக்கு முன்னால் மேசையில் இருந்தவர் சொல்லிக்கொடுத்தது. என் காலத்தில் மட்டும் ஒன்பது பெட்டி இறங்கியிருக்கிறது. அவர்களில் ஒருவரும் புகார் செய்ததில்லை.

அப்புறம்தான் இருநூற்றுப் பதினாலாம் அறைக்கு அந்த டீச்சரம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்திருந்தார். அவருடைய அப்பா எங்கள் சலவைக்கூடத்தில் பாய்லருக்குக் கரி போட்டவராம். இவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது பாய்லர் வெடித்திருக்கிறது. ஆனால் இறப்புச் சான்றிதழில் 'சந்தில் இறந்து கிடந்தவர்' என்று எழுதிவிட்டார்கள். குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று அக்கம்பக்கம் முடிவு கட்டிவிட்டது.

"சார், எங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல. எங்கம்மா சாகிற வரைக்கும் தலை நிமிர்ந்து தெருவுல நடக்கல" என்றார். "உங்க புத்தகத்துல ஒரே ஒரு வரி போடுங்க. பாய்லர் வெடிச்சு உள்ளதான் செத்தார்னு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"அப்படி எதுவும் பதிவு இல்லியேம்மா."

"தேடிப் பாத்தீங்களா?"

"பாத்துட்டுச் சொல்றேம்மா."

பார்த்தேன். சொன்ன வாக்கைத் தவறுகிறவன் இல்லை நான். அடித்தளத்துக்குப் போய் ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முந்திய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தேன். 'சலவைக்கூடம். பெரிய பெட்டி. காலை 11.20.' அழகான கையெழுத்து. வேறொருவனாக இருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பான். சரித்திரம் எழுதுகிறவன் ஆதாரத்தை அழிக்கலாமா? இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தேன். நீங்கள் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருப்பதும் அதைத்தான். மேலே வந்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அவர் விடவில்லை. நாலு நாள் காலையிலும் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஐந்தாம் நாள், "நாளைக்கு விழாவுல நானே மைக்கப் பிடிச்சுச் சொல்றேன் சார். என்ன பண்ணுவீங்க?" என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒரு கரி போட்டவருக்காக நூறு வருடத்துச் சரித்திரத்தின் முதல் வரியை அடித்துத் திருத்த வேண்டுமாம்.

அன்று பிற்பகல் மூன்று மணி தாண்டியதும் டெலிபோன் பெண் என்னைக் கூப்பிட்டாள். "இருநூத்திப் பதினாலுல அந்த டீச்சரம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதாம் சார். ஹாலுக்கு ஆள் அனுப்பட்டுமா? இன்னைக்கு அங்க பூரா டாக்டருங்கதானே?"

உண்மைதான். முதல் மாடி ஹாலில் இதய மருத்துவர்களின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எண்பது பேர் இருந்தார்கள். மதியச் சாப்பாடு திருப்தி என்று அவர்களில் பலர் என்னிடமே சொன்னார்கள்.

"நான் பாத்துக்கிறேம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். பதிவேட்டைத் திறந்து 'புறப்பாடு 3.05' என்று எழுதினேன். லிஃப்ட்காரருக்குச் சொன்னேன். சலவை வண்டி எல்லாம் துணியோடு இருந்ததால் ஒன்றைக் காலி செய்து எடுத்துப்போகக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் அவர் மறுபடியும் போன் செய்து, டாக்டர் வருகிறாரா என்று கேட்டிருக்கிறார். டெலிபோன் பெண் அந்த நேரத்தை 3.12 என்று குறித்துவைத்துவிட்டாள். புறப்பட்டுப் போனவர் ஏழு நிமிடம் கழித்து அறையிலிருந்து எப்படிப் பேசினார் என்று நேற்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பழக்கதோஷம், ஐயா. வேறொன்றுமில்லை.

நான் போனபோது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வேர்த்திருந்தது. செருப்புகூடப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். "நடந்தே வரேன் சார்" என்றார். நடக்கக் கூடாது என்று சொல்லி வண்டியில் படுக்கவைத்தேன். "ரொம்ப நன்றி சார், உங்கள என்னென்னவோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

லிஃப்ட் முதல் மாடியை நெருங்கும்போது ஹாலில் கை தட்டுவது கேட்டது. லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். "அண்ணே, கண்ணு முழிச்சிருக்காங்களே. இங்க நிறுத்தவா?"

"கீழ போங்க" என்றேன்.

அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படித்தான் எங்கப்பாவையும்…" என்றார். பாதியில் மூச்சு வாங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. அவர் மனம் ஆறட்டும் என்று உள்ளதைச் சொன்னேன். "நீங்க சொன்னது சரிதாம்மா. பதிவு இருக்கு, நானே பாத்தேன். உங்கப்பா உள்ளதான் போயிட்டார்." அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. "அத எழுதுங்க சார்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். டாக்டரைக் கேட்கவே இல்லை.

சந்தில் ஒரு கல் பெஞ்சு உண்டு. அதில் படுக்கவைத்து, கைப்பையைத் தலைமாட்டில் வைத்தேன். ஆம்புலன்சுக்கு நானேதான் போன் செய்தேன், சந்தின் முகவரியைக் கொடுத்தேன். அந்தச் சந்தில் வண்டி நுழைய நேரமாகும் என்பது தெரியும். மேசை காலியாக இருக்கக் கூடாது, அதனால் திரும்பி வந்துவிட்டேன். டாக்டர்கள் கூட்டம் முடிந்து வெளியே வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நானே கதவைத் திறந்துவிட்டேன்.

அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். பிழைத்திருக்கலாம். அறையிலேயே போயும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தின் மேல் நூறு வருடத்தை என்னால் பணயம் வைக்க முடியாது. கொலை என்று எழுதப் போகிறீர்களா, எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சம்பவ இடம் என்ற கட்டத்தில் ஹோட்டலின் பெயரை எழுதினால் மட்டும் போட மாட்டேன். லிஃப்ட்காரரையே கேளுங்கள். பின்வாசலைத் தாண்டும்போது அந்த அம்மாவின் கண் திறந்திருந்தது, என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஹோட்டலை விட்டு அவர் உயிரோடுதான் போனார், ஐயா.