காமராசருக்குப் பக்கத்து இடம்

— கதவத் தொறக்காத சாலா. நான் வீட்டுல இல்லை.

— வீட்டுல இல்லாதவுக எதுக்குத் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறீக?

— வாசல்ல கார் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சா? சம்பந்தி காருதானே அது?

— சன்னல் வழியாப் பாத்துட்டேன். அவுகதான். இன்னும் எறங்கலை. உள்ள உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருக்காக.

— போனையா? செத்தேன்.

— நீக எங்க செத்தீக? அவுகளையில்ல சாக வச்சிருக்கீக.

— மெதுவாப் பேசு. ஒரு பேரு எடம் மாறிப்போச்சு. அம்புட்டுத்தான்.

— அம்புட்டுத்தானா? ‘வரலாற்றில் இன்று, அக்டோபர் இரண்டு’ன்னு தலைப்புப் போட்டு விடியக்காலையில ஒங்க வாட்ஸப் குழுவுல நானூறு பேருக்கு அனுப்பியிருக்கீக. பிறப்புன்னு காந்தி, சாஸ்திரி. மறைவுன்னு காமராசர். காமராசருக்குப் பக்கத்துல ‘கல்வி வள்ளல் வயிரவன்’. இன்னைக்கு அவுகளுக்குப் பொறந்தநாளுங்க!

— தெரியும். வாழ்த்தாத்தான் போட்டேன்.

— வாழ்த்தைக் கொண்டுபோயி மறைவுலயா போடுவாக?

— யோசிச்சுப் பாரு. பிறப்புல காந்தி, சாஸ்திரி ரெண்டு பேரு இருக்காக. அங்குட்டுப் போட்டா சம்பந்தி மூணாவது ஆளாப் போயிருவாரு. இங்குட்டுக் காமராசர் ஒத்தையா இருந்தாரு. பக்கத்துல வச்சா ரெண்டாவது. எட்டு வருசமா நாள்வரலாறு தொகுக்கிறவன், எடமறிஞ்சு மரியாதை செய்ய வேண்டாமா? அந்த நெனப்புல தலைப்பைக் கவனிக்கலை.

— கல்வி வள்ளலாம்! பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு காத்தாடி வாங்கிக் குடுத்தாக. அதுலயும் மூணு ரெக்கையிலயும் பேரு எழுதி.

— காத்தாடி சுத்துறப்ப பேரு தெரிய மாட்டேங்குதுன்னு அவருக்கே வருத்தம்.

— அது கெடக்கட்டும். மூத்த மகனுக்குப் பேசி முடிச்ச எடத்தை, பூத்தட்டு கைதவறி விழுந்துச்சுன்னு வேண்டாமுன்னு எந்திரிச்சு வந்தவுக அவுக. பூத்தட்டுக்கே அப்படின்னா இதுக்கு என்ன சொல்லுவாக? ஐப்பசியில நம்ம தீக்ஷாவுக்கும் அவுக சின்ன மகனுக்கும் கல்யாணம். சென்னையில இருக்குற புள்ளைக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?

— அதை நெனச்சுத்தான் தூணுக்குப் பின்னால நிக்கிறேன்.

— பாத்த ஒடனே அழிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல?

— அழிச்சா ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ன்னு நானூறு பேருக்கும் காட்டும். எட்டு வருசத்துல ஒருநாளும் நான் வரலாற்றை நீக்குனதில்லை.

— இன்னைக்கு அது ஒங்களை நீக்கப்போகுது. இருங்க, எறங்குறாக. ஆத்தாடி, கையில மாலை!

— மாலையா? யாருக்கு?

— சம்பந்தி வீட்டுக்கு மாலையோட வர்றாகன்னா நல்லதுக்கா இருக்கும்?

— நான் பின்வாசல் வழியா அடுத்த தெருவுக்குப் போயிருறேன்.

— பின்கட்டு பங்காளிக பங்கு. பூட்டிட்டு மலேசியா போயி ஒரு வருசமாச்சு.

— மணி அடிக்கிறாரு சாலா!

— சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு நிமிந்து நில்லுங்க, கதவத் தொறக்குறேன். வாங்கண்ணே, வாங்க. பொறந்தநாளும் அதுவுமா வந்திருக்கீக.

— கொஞ்சம் தண்ணி குடுங்க ஆச்சி.

— இந்தாங்கண்ணே. மொகமெல்லாம் வெளுத்திருக்கே.

— வணக்கம் சம்பந்தி. அது வந்து, ஒரு சின்ன தொகுப்புப் பிழை, நானே ஒரு திருத்தம்...

— இருக்கட்டும் சம்பந்தி. ஒண்ணு கேக்குறேன். ஒங்க குழுவுல எனக்குத் தெரிஞ்சவுக எத்தனை பேரு?

— எல்லாருமேதான். ஒங்க பங்காளிக, கோயில் கமிட்டி, வியாபாரிக சங்கம்...

— விடியக்காலையில நான் செத்துப்போயிட்டேன். இப்ப வெயில் ஏறிருச்சு. வீட்டுக்கு ஒருத்தர் ஓடியாரலை. ஒரு போன் வரலை.

— அண்ணே, அப்படியெல்லாம் பேசாதீக.

— இன்னும் கேளுங்க ஆச்சி. வருசா வருசம் போல காந்தி சிலைக்கு மாலை போடப் போனேன். அங்க நின்னவுக பூராம் குழுவுல இருக்குறவுகதான். ஒருத்தராச்சும் என்னையப் பாத்துத் திடுக்கிடலை. போட்டோவை மறைக்கிறேன்னு தள்ளி நிக்கச் சொன்னாக. மாலையைப் போடாமலே திரும்பிட்டேன்.

— அதுவா இந்த மாலை! எனக்கு இப்பத்தான் மூச்சு வருது சம்பந்தி.

— எனக்கு வரலையே. குழுவைத் தொறந்து பாத்தேன். பாதிப் பேரு கும்பிடு போட்டிருக்காக. அது காமராசருக்கா எனக்கான்னு தெரியலை. ஒருத்தர் ரோசாப்பூ. மானகிரியில எந்தங்கச்சி வீட்டுக்காரரு, ‘பயனுள்ள தகவல், நன்றி’ன்னு எழுதியிருக்காரு.

— படிச்சிருக்க மாட்டாகண்ணே. இவுக எழுதுறதை யாரு படிக்கிறா?

— சாலா!

— உள்ளதைத்தானே சொல்றேன்.

— ஒண்ணு கேக்குறேன் சம்பந்தி. நான் கோவிச்சுக்கிட்டு வரலை. பயந்துக்கிட்டு வந்திருக்கேன். ஆச்சி பாக்குறதுக்குள்ள அதை அழிச்சுருங்க.

— நான் எதைண்ணே பாக்கக் கூடாது?

— ஒங்க மாப்பிள்ளை, அதான் எம்மகன்... அதுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கான்.

— எதுக்கு? நீக போய்ச்சேந்ததுக்கா?

— கூப்பிட்டுப் பாத்தேன். எடுக்கலை. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்கவும் எனக்குத் தெம்பில்லை.

— பெத்த தகப்பன் பேரு மறைவுல கெடக்கு, அதைப் பாத்து வெரலைத் தூக்குற ஆளுக்கா எம்மகளைக் குடுக்கிறது? நாளைக்கு அவ காய்ச்சல்ல கெடந்தா எதைத் தூக்கிக் காட்டுவாரு? நிறுத்துங்க கல்யாணத்தை!

— பொறு சாலா, பொறு. பத்திரிகையே அடிச்சாச்சு.

— ஆச்சி, ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இதுக்குப் பயந்துதானே அழிக்கச் சொன்னேன்.

— போனைக் குடுங்க இங்குட்டு. எங்கண்ணால பாத்துட்டுப் பேசுறேன்.

— தள்ளிக்கிட்டே போ. இன்னும் கீழ. அந்தா, மாப்பிள்ளை பேரு.

— பாத்தாச்சு. வெரலேதான். இதைக் காட்டியே தீக்ஷாகிட்ட நான்...

— தீக்ஷாகிட்ட என்ன? ஏன் பாதியில நிறுத்திட்டே? சாலா?

— ஆச்சி, என்னன்னு சொல்லுங்க. இப்பத்தான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

— கல்யாணம் நடக்கட்டும்ணே. மாப்பிள்ளையாச்சும் வெரலோட நிறுத்திக்கிட்டாரு. அதுக்குக் கீழயே எம்மக எழுதியிருக்கா: ‘சூப்பர்ப்பா! மாமாவுக்கு ஏத்த எடம்.’