கையை எடுத்துராதீங்க

ராயபுரம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டு அம்மா போனில் கத்தினார்: “கையை மட்டும் எடுத்துராதீங்க!”

ஸ்பீக்கரில் ஏதோ பழைய கார் ஓடுகிற சத்தம். அதற்கு மேல் அவர் கணவரின் குரல்: “இன்ஜின்ல இந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி வெச்சு இப்பத்தான் சீரா ஓடுது. இறுக்கறதுக்கு முன்ன கையை விட்டா நகர்ந்துரும். ஸ்பேனர் எங்க?”

“என்ற பையிலதானுங்க இருக்குது. பூ வாங்கற அவசரத்துல தூக்கிட்டு வந்துட்டனுங்க.”

பஸ்ஸே சிரித்தது.

“ஐயோ, பொண்ணு பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து எறங்கறாங்க! ஒத்தைக் கையில எப்படிக் கும்பிடறது?”

“மாப்பிள்ளைப் பையன்கிட்டப் புடிக்கக் குடுத்துட்டு, ரெண்டு கையிலயும் கும்பிடுங்க. நான் வர்ற வரைக்கும் அவரு விடாமப் புடிச்சிருந்தா, பொண்ணைக் குடுத்துர்லாமுங்க.”