குழாய்க்கு அடியில் ஒரு பல்

— ஒரு மணி நேரமாச்சு, இன்னும் முழங்கால் ஆழம்கூடப் போகல. இதுக்கா மாப்ள இவ்வளவு பெரிய வண்டி? நம்ம பொக்லைன் இறங்கியிருந்தா இந்நேரம் குழிய வெட்டிட்டு டீ குடிச்சிருக்கலாம்.

— மூணு டீ ஆச்சு மச்சான் உங்களுக்கு.

— கேலி பண்ணாத. தண்ணியப் பீச்சி மண்ணக் கரைக்கணுமாம், அத உறிஞ்சி டேங்குல ஏத்தணுமாம். குழி தோண்டுறியா, வாய் கொப்பளிக்கிறியா?

— கீழ கரண்ட் கேபிளும் ஓடுது, தண்ணிக் குழாயும் ஓடுது. தண்ணி பட்டா மண்ணு மட்டுந்தான் கரையும். உங்க பொக்லைன் பக்கெட்டுக்கு மண்ணெது குழாயெதுன்னு தெரியுமா?

— ஓட்டுறவனுக்குத் தெரியும். இருபது வருஷத்துல என் மிஷின் எதையாவது உடைச்சிருக்கா? ஆறு வருஷம் முன்னாடி இதே குழாய உடைச்சது யாரு? கடப்பாறை ஐயா, நீங்கதான!

— அந்தப் பேர விடவே மாட்டீங்களா?

— அட, விளையாட்டுக்குச் சொல்றது.

— உங்களுக்கு விளையாட்டு. எனக்கு வேலை போச்சு. உங்க தங்கச்சி இன்னைக்கும் ஒரு கண்ணாடி டம்ளர என் கையில குடுக்க யோசிக்கிறா.

— சரி சரி. குழாய் தெரியுதுல்ல, நிறுத்து. மிச்சத்த நான் அள்ளிடறேன்.

— அடிப்பக்கமும் தெரியணும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. தள்ளி நில்லுங்க.

— மாப்ள, சொன்னா கேளு. போதும்.

— இருங்க... இங்க பாருங்க, இது கரையல. என்னன்னு நீங்களே சொல்லுங்க.

— ஏதோ பழைய இரும்பு.

— மண்ணு அள்ளுற பக்கெட்டோட பல்லு மச்சான். குழாய் உடைஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் உங்க மிஷின்ல நாலு பல்லுதான் இருந்துச்சு. அஞ்சாவது குவாரியில விழுந்துருச்சுன்னீங்க.

— அத இங்க குடு, தூரப் போட்டுடறேன்.

— சொல்லுங்க.

— அப்ப எனக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள் மாப்ள. பயந்துட்டேன். பல்லு பட்டுக் குழாய் லேசா விரிசல் விட்டுச்சு, தண்ணி உடனே வரல. நீ கடப்பாறையோட இறங்குன நேரம் பாத்துப் பீச்சி அடிச்சுது. எல்லாரும் உன்னப் பாத்தாங்க. நானும் உன்னத்தான் பாத்தேன். வெட்கமா இருக்கு. ஆறு வருஷமா சொல்ல வந்து சொல்லாமப் போயிட்டேன். இன்னைக்கு நீ கண்டுபிடிச்சுட்ட.

— கண்டுபிடிக்கல மச்சான். அன்னைக்கு இந்தக் குழிய மூடினது நான்தான். பல்லக் குழாய்க்கு அடியில தள்ளி வெச்சதும் நான்தான்.