அழிக்கறதுக்கு ஒரு டூலு

இல்லீங்க தம்பி, கலரு அழகா இருக்கோணும்னு நான் கேக்கலீங்க. எனக்கு எந்தக் கலரா இருந்தாலும் செரிதானுங்க. நான் கேட்டது வேற. ஒரு வரியப் புடிச்சு டெலீட் அமுக்குனம்னா, நெசமாலுமே அழிக்கட்டுமான்னு அது ஒருக்கா நம்மளக் கேக்குமுங்களா, இல்ல அமுக்குன கையோட போயிருமுங்களா?

மொதல்ல போட்டுக் காமிச்சீங்களே, அது கேக்காதுங்களா? அப்ப அது வேண்டாமுங்க. கை தவறிப் பட்டுச்சுன்னா என்ன பண்றது.

ரெண்டாவது டூலுல சேவ் குடுத்தாத்தான் போகுமுங்களா. அதுவரைக்கும் திருப்பி எடுத்துக்கலாம். செரிங்க. சேவ் குடுத்துட்டா? ம்ம். அதுக்கப்பறம் யாரு வந்தாலும் முடியாதுங்கறீங்க. பேக்கப்பா? அருள்செல்வன் இருந்த வரைக்கும் எடுத்துட்டிருந்தாப்லங்க. இப்ப யாரு எடுக்கறாங்க.

அருள்செல்வன்தான் இந்தக் கம்ப்யூட்டர் ரூமைப் பாத்துட்டிருந்தது. நான் வெறும் டேட்டா என்ட்ரிங்க. ஸ்டைல் நம்பரு, சைஸு, எத்தன பீஸு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவருதான் கறுப்பு ஸ்கிரீனத் தொறந்து கடகடன்னு என்னமோ தட்டுவாப்ல, டேட்டாபேஸ்ல இருக்கறது வரிசையா வந்து நிக்கும். எனக்கு அதப் பாத்தாலே பயமுங்க. செவ்வாக்கெழமையிலிருந்து ஆளு வர்லீங்க. போனும் சுவிட்ச் ஆஃப். அதனாலதானுங்க முருகவேல் சாரு, எங்க மேனேஜரு, கோயமுத்தூர்ல இருந்து உங்களக் கூப்புட்டது. கோமளாவுக்குத் தட்டத் தெரியாது, மவுஸைப் புடிச்சு அமுக்கற மாதிரி ஒரு டூலு போட்டுக் குடுத்தரச் சொல்லுங்கன்னு.

ஏனுங்க, சித்த அந்தக் கதவச் சாத்தறனுங்களா. இல்ல, ஏசிக்காகத்தான்.

மூணாவது டூலும் இருக்குதுங்களா. பாக்கறதுக்கு மட்டும் தொறக்கலாம், எதையும் மாத்த முடியாதுங்கறீங்க. ஐயோ, எனக்கு அதுதாங்க புடிச்சிருக்குது. ஆனா சாரு ஒத்துக்க மாட்டாருங்க. மாத்த முடியாதுன்னா இவ்வளவு தூரம் உங்கள எதுக்குங்க வரச் சொல்லியிருப்பாரு.

சித்த இருங்க, கதவு சாத்தியிருக்குதான்னு ஒருக்காப் பாத்துக்கறேன்.

தம்பி, உங்களக் கேக்கலாமான்னு தெரியலீங்க. நீங்க எத்தனையோ கம்பெனிக்குப் போறீங்க. வருகைப் பதிவுல இருந்து ஆளுகளோட வரிய எடுக்கச் சொல்லி யாராச்சும் டூலு கேட்டிருக்காங்களா? இல்லீங்களா. அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர்ல அதுக்கு வழியே இல்லீங்கல்ல. பெருவெரலு வெச்சா வெச்சதுதான். அடியில இருக்கற டேட்டாபேஸுக்குள்ளயே நேரா எறங்குனாத்தான் அழிக்கலாம். அத அருள்செல்வன்கிட்டத்தான் திங்கக்கெழமை மொதல்ல சொன்னாங்க. அவரு அப்பவே சாப்பாட்டுப் பைய எடுத்துட்டுப் போனவருதான்.

படியில காலடிச் சத்தம் கேட்டுச்சுங்களா? இல்லீங்களா. பேக்கிங்ல பெட்டி தள்றாங்க போல. எனக்கு எல்லாமே சாரு வர்ற மாதிரியே கேக்குதுங்க. நாலு மணிக்கு வந்தர்றேன்னுட்டுப் போயிருக்காரு. மணி என்னங்க இப்ப? மூணு பத்தா.

எந்த நாளா? போன ஞாயித்துக்கெழமைங்க. அன்னைக்கு லீவு. எங்ககிட்டச் சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருங்களுக்கு ஞாயித்துக்கெழமை கம்பெனி ஓட்டறதில்லைன்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்க. கப்பலுக்குச் சரக்கு போகோணும்னு இருபத்திரெண்டு பேர மட்டும் வரச் சொன்னாங்க. காம்பாக்டிங் மெஷின் ஓடுச்சுங்க. பனியன் துணிய ரோலருக்கு நடுவுல உட்டு அமுக்கி எடுக்குமே, அதுதான். மாரிச்செல்வம்னு ஒரு ஆளு, சங்கரன்கோயில் பக்கத்துக்காரரு, ஏழு வருசமா அதே மெஷின்ல நிக்கறவரு. துணி சுருண்டுக்கிச்சுன்னு இழுத்துவிடக் கைய நீட்டியிருக்காரு. முன்னாடி போட்டிருந்த தடுப்புக் கம்பிய வேகம் கொறையுதுன்னு எப்பவோ கழட்டி வெச்சுட்டாங்களாமுங்க.

வலது கைங்க. மணிக்கட்டுக்கு மேல வரைக்கும்.

உசுரு இருக்குதுங்க. பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்க. ஆனா சேக்கறப்ப என்ன எழுதிக் குடுத்தாங்க தெரியுங்களா? தங்கியிருக்கற ரூம்ல கிரைண்டருக்குள்ள கைய உட்டுட்டான்னு. அந்த மனுசன் ரூம்ல கிரைண்டரே கெடையாதுங்க. மெஸ்ஸுலதான் சாப்புடுறாரு. கேக்க ஆளில்லீங்க. சம்சாரம் இந்துமதி ஊர்ல இருந்து அடிச்சுப் புடிச்சு வந்துருக்குது, ரெண்டு வயசுக் கொழந்தையத் தூக்கிட்டு. கம்பெனி கேட்டுக்கு வெளில ரெண்டு நாளு நின்னுச்சு. அன்னைக்கு உன்ர புருசன் வேலைக்கே வர்லியேம்மா, ஞாயித்துக்கெழமை கம்பெனியே பூட்டுன்னு வாட்ச்மேன வெச்சுச் சொல்லி அனுப்பிச்சுட்டாங்க.

அது புகார் குடுத்துருச்சுன்னு, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு கவருமெண்டு ஃபேக்டரி ஆபீசருங்க வந்து பாக்கறாங்களாமுங்க. வந்தா கேக்கறது ஒண்ணுதான், அட்டெண்டன்ஸக் காட்டுன்னு. அதுல மாரிச்செல்வம், எட்டு நாப்பதுன்னு நிக்குது. அந்த ஒரு வரியோட போனாப் பத்தாது, அன்னைக்குக் கம்பெனியே ஓடலைன்னு ஆகோணுமே. அதனால இருபத்திரெண்டும். இப்பப் புரியுதுங்களா, எனக்கு எதுக்கு டூலுன்னு?

நீங்க எந்திரிக்காதீங்க தம்பி. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. நீங்க கத்தி செய்யற ஆளு மாதிரி, எதை வெட்டறாங்கன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும். தண்ணி குடிங்க.

முடியாதுன்னு சொல்லலாமுல்லங்கறீங்க. சொல்லலாமுங்க. என்ர ஊட்டுக்காரரும் இதே கம்பெனியில வேன் ஓட்டறாருங்க. புள்ள கிருத்திகா ப்ளஸ் டூ. நேத்துச் சாரு என்னையக் கூப்பிட்டு உக்கார வெச்சு, கோமளா, உன்னைய அருள்செல்வன் எடத்துல போட்டர்லாம்னு இருக்கறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாருங்க. திட்டியிருந்தாக் கூட எனக்கு இத்தன பயம் வந்திருக்காது. எந்திரிச்சு வர்றப்ப, பாப்பா எந்த ஸ்கூலுன்னு வேற கேட்டாரு. சும்மாதான் கேட்டாரோ என்னமோ. ராத்திரி பூரா அதே நெனப்புங்க.

செரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது. மத்தியானம் மொத டூலைப் போட்டு, தேதிய வெச்சு எப்பிடிப் பிரிச்சுப் பாக்கறதுன்னு சொல்லிக் குடுத்தீங்கல்ல? சொல்லீட்டு டீ குடிக்கப் போனீங்க. அப்ப நான் ஞாயித்துக்கெழமைத் தேதிய அடிச்சுப் பாத்தனுங்க. இருபத்திரெண்டு வரியும் வந்து நின்னுச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்தேன், அத்தனையும் நீலமாயிருச்சு. வெரலு டெலீட் மேலதான் இருந்துச்சுங்க. பொய் சொல்லலீங்க, அமுக்கீர்றதுன்னுதான் வெச்சேன். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுது, ஊட்டுக்குப் போயிச் சோறாக்கலாம்னு.

அமுக்கலீங்க. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. அந்த டூலு கேக்காதுன்னு அப்பத் தெரியாதுங்க. எசகுபெசகாப் பட்டிருந்தாப் போயிருக்கும். இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது.

கையை எடுத்துட்டு, எக்ஸ்போர்ட்டுன்னு காமிச்சீங்கல்ல, அத அமுக்குனேன். ஃபைலு பென்டிரைவுல இருக்குது, பென்டிரைவு என்ர ரவிக்கைக்குள்ள இருக்குது. ஸ்கிரீனையும் போன்ல போட்டோ புடிச்சுக்கிட்டேன். அதே டேட்டாபேஸ்ல ஆளுக வெவரம் இன்னொரு டேபிள்ல இருக்குங்கல்ல, அதுல அவசரத்துக்குக் கூப்புட வேண்டிய நம்பருன்னு மாரிச்செல்வம் சம்சாரம் இந்துமதியோட நம்பரு இருந்துச்சு. அதுக்குப் போட்டோவ வாட்ஸ்அப்புல அனுப்பியுட்டுட்டனுங்க. இதைக் கொண்டுபோயி ஆபீசருங்ககிட்டக் காட்டு சாமின்னு.

பாத்துருச்சுங்க. ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு.

இனிச் சாரு வந்து கேட்டா, நானே அழிச்சாலும் வேற யாரு அழிச்சாலும், வெளிய போனது போனதுதானுங்க. நீங்க ரெண்டாவது டூலையே போட்டுக் குடுத்துட்டு, பஸ்ஸு ஏறிப் போயிருங்க. உங்களக் கேட்டாங்கன்னா, டூலு போட்டேன், வந்தேன்னு மட்டும் சொல்லுங்க. அது நெசந்தானுங்களே.

எனக்கா? பயமாத்தானுங்க இருக்குது. இல்லைன்னு எப்பிடிச் சொல்றது. இதா, வேர்த்துக் கொட்டுது பாருங்க இந்த ஏசியிலயும்.

அந்தப் புள்ள அப்பவே திருப்பி எழுதியிருக்குதுங்க. படிக்கறேன், கேளுங்க. அக்கா நீங்க யாருன்னு தெரியல, உங்களுக்கு எப்படி இது கெடச்சுதுன்னு தெரியல, அன்னைக்கு இவுகளப் பாத்தவுக யாராச்சும் இருக்காகளா, பேப்பரு மட்டும் பத்தாதுன்னு வக்கீலு சொல்றாக.

டீ குடிச்சிட்டு நீங்க உள்ள வர்றப்பத்தான் அதுக்குப் பதிலு அடிச்சிட்டிருந்தேன். இருக்கறாங்கம்மான்னு போட்டேன். லேபிள் பிரிண்ட் போடறதுக்குன்னு அன்னைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாங்க, இருபத்திரெண்டுல ஏழாவது வரி, கோமளா, எட்டு அம்பத்திரெண்டு. சத்தங் கேட்டு ஓடிப் போயி அந்த மெஷின நிறுத்துனவ நாந்தானுங்க.