பீரோவுக்குள் இருந்த மைக்

எந்தப் படமானாலும் முதல் இரண்டு நிமிடத்துக்கு மேல் நான் பார்ப்பதில்லை ஐயா. போன மாதம் மட்டும் அப்படி நாற்பது படங்கள் பார்த்தேன்.

எங்கள் படிப்பில் அது ஒரு பாடம். சொந்தமாகப் படம் எடுக்கும் முன், இருவர் இருவராகச் சேர்ந்து நாற்பது படங்களின் தொடக்கத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுத வேண்டும். கேமரா எங்கே நிற்கிறது, முதல் சத்தம் எது, முகம் எத்தனையாவது நொடியில் தெரிகிறது, இப்படி. என் ஜோடி சோடா. தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர். அதிகம் பேசாததால் நான் ஊமை. மூன்று வருடமாக அவன் வீட்டில்தான் எனக்கு மதியச் சாப்பாடு. அவன் அம்மா என்னைப் ‘பெரியவனே’ என்றுதான் கூப்பிடுவார்.

எழுதியது முழுக்க நான். இரண்டு நிமிடத் துண்டுக்குள்ளேயே சோடா குறட்டை விட்டுவிடுவான். அதுவும் ஒரு திறமைதான். முப்பத்தேழாவது படத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. காட்டாமல் விடுவதுதான் பார்ப்பவனை உட்கார வைக்கிறது. அன்றே எங்கள் படத்தின் தொடக்கத்தை யோசித்துவிட்டேன். மூடிய இரும்பு பீரோ ஒன்று. இரண்டு நிமிடம், நடுவில் வெட்டே கிடையாது. உள்ளே யாரோ தட்டுகிறார்கள். சொன்னதும் சோடா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “டேய் ஊமை, பின்னிட்டடா” என்றான்.

ஆசிரியரிடம் கதை சொல்ல வேண்டிய நாளில் எனக்குக் காய்ச்சல். அவன் தனியாகப் போய்ச் சொன்னான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே. மறுநாள் அறிவிப்புப் பலகையில் கதை, இயக்கம் இரண்டுக்கும் அவன் பெயர். ஒலிப்பதிவு என்று கடைசியில் நான். போய்க் கேட்டேன்.

“சார் திடீர்னு கேட்டாரு, வாயில வந்துடுச்சுடா. உன் கதை என் கதைன்னு நமக்குள்ள என்ன?”

வேறு எவனாவது திருடியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவனிடம் என்ன சண்டை போடுவது? சரி விடு என்று சொல்லிவிட்டு, அன்றும் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

படப்பிடிப்பன்று, நடிக்க வேண்டியவன் வரவில்லை. சோடாவே பீரோவுக்குள் போவதாகச் சொன்னான். அவனுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். காலரில் மைக் மாட்டும்போது அது துணியில் உரசிச் சத்தம் வந்தது. பையில் எது உரசினாலும் ஒலிப்பதிவாளர்கள் வாங்கி வைத்துவிடுவோம். நானும் கேட்டேன். “ரெண்டு நிமிஷந்தானே” என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

இயக்குநர் உள்ளே இருப்பதால் ‘கட்’ சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. தட்டுவதுதான் காட்சி என்பதால் தட்டி எதையும் உணர்த்த முடியாது. “முடியலன்னா மைக்ல ‘போதும்’னு சொல்றேன், நீ கையத் தூக்கு” என்றான். ஹெட்ஃபோன் என் காதில் மட்டும்தான். நான் கையைத் தூக்கும் வரை யாரும் அசையவோ பேசவோ கூடாது. பூட்டிய சாவி தொங்கினால் கிலுங்கும், ஆகவே அதையும் உருவி என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு நிமிடம் அழகாகத் தட்டினான். பிறகு பீரோவில் இருந்த தூசி அவனைப் பிடித்துக்கொண்டது. இழுப்பு ஆரம்பித்தது. ஒரு நிமிடம் நாற்பது நொடியில் முதல் ‘போதும்’. மூன்று நிமிடத்துக்குள் பதினொரு தடவை சொல்லிவிட்டான், எண்ணினேன். குரல் இரும்பைத் தாண்டவில்லை, தட்டல் மட்டும்தான் வெளியே வந்தது. கேமராவில் நின்ற பெண் என்னைப் பார்த்து, என்னமாய் நடிக்கிறான் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். நான் தலையாட்டினேன். தட்டல் நின்ற பிறகும் பொறுத்திருந்தேன். சத்தம் ஓய்ந்ததும் கொஞ்சம் மௌனம் இருந்தால்தான் தொடக்கம் நிற்கும். ஆறாவது நிமிடம் முடிந்து கையைத் தூக்கினேன்.

நேற்று அவன் உடலை எடுக்கும்போது அவன் அம்மா என் தோளில் சாய்ந்துதான் அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

ஸ்டேஷனுக்கு எடுத்து வந்த பதிவை நீங்கள் கேட்டிருப்பீர்கள், எனவே மறைத்துப் பயனில்லை. எங்கள் வேலையில் கேமராவுக்கு முன்னால் ஒலி ஓடத் தொடங்கிவிடும். கேமரா தயாராகிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் அவன் உள்ளிருந்து பேசினான்.

“ஊமை, கேக்குதா? காலையில சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. கதை உன்னோடது, டைரக்டர்னு உன் பேருதான் வரும். மூஞ்சியப் பாத்துச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் இங்கேருந்து சொல்றேன். தப்புதான்டா. மன்னிச்சிரு.”

கேட்டது ஐயா, ஒரு சொல் விடாமல் கேட்டது. கதவைத் திறந்திருந்தால் அவனைப் பார்த்து, ‘பரவாயில்லடா’ என்று நான் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.